கையில் வாங்காத கத்தரிக்கோல்

ஊரின் பெயர் மாறிய அந்த வருஷத்தில், ஒருவர் இன்னொருவரிடம் ஒரு பொருளைக் கொடுப்பதைப் பார்த்து எழுதிக்கொள்வதுதான் என் வேலையாக இருந்தது. சொன்னால் பலர் நம்புவதில்லை. அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் அதற்காகவே என்னை வைத்திருந்தது. அந்த வேலையில் நான் செய்த ஒரு பிழையால், மந்தைவெளியைச் சேர்ந்த தையற்காரப் பெண் ஒருவரின் கழுத்துக்கு நேராக ஒரு கத்தரிக்கோலின் முனை போய் நின்றது. இதை விரிவாக எழுதி வைக்க வேண்டும் என்று பல முறை நினைத்துத் தள்ளிப் போட்டிருக்கிறேன். நாட்குறிப்பில் அந்த நாளுக்குரிய பக்கத்தில் ஆறு வரிகள்தான் இருக்கின்றன. கையெழுத்து என்னுடையது போலவே இல்லை.

நான் விஞ்ஞானி இல்லை. ஆவணப் பிரிவில் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. கல்லூரி நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். எழுந்த நேரம், மழை பெய்ததா, பஸ் எத்தனை மணிக்கு வந்தது, யாரோடு என்ன பேசினேன், எல்லாம் இருக்கும். யார் பெயரையும் எழுதுவதில்லை. மேல்மாடிக்காரர், தபால்காரர் என்றுதான் குறிப்பேன். இங்கேயும் அப்படியே.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது எங்கள் கூடத்தின் தலைவர் என் நோட்டை எடுத்துப் புரட்டினார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். என்னைவிடப் பத்து வயது சிறியவர்.

“பஸ் ஸ்டாப்புல நின்னதுக்கு ஒண்ணரைப் பக்கமா சார்?”

“நாப்பது நிமிஷம் நின்னேன் சார்.”

அவர் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு பக்கம் படித்தார். “நாளையிலேர்ந்து என் லேபுக்கு வாங்க” என்றார்.

அந்த அறையில் ஒரு இயந்திரக் கை இருந்தது. மேஜையின் ஓரத்தில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் உண்டு. விரல்களுக்குப் பதிலாக இரண்டு தட்டையான தாடைகள். மஞ்சள் வண்ணம் அடித்திருந்தது. தலைவர் அதைச் சுற்றி நடந்துகொண்டே எனக்கு விளக்கினார்.

“ஃபாக்டரியில இந்த மாதிரி கையைச் சுத்திக் கம்பி வேலி போட்டிருப்பாங்க. மனுஷன் உள்ள போனா அதுக்குத் தெரியாது. அடிச்சுத் தள்ளிட்டு வேலையைப் பார்க்கும். நாம வேலியை எடுக்கப் போறோம். ஒரே மேஜையில எதிரெதிரா உட்கார்ந்து, ஒரு டெய்லருக்கு அது எடுத்துக் கொடுக்கணும். அதுக்கு மூளை அப்புறம் வரட்டும் சார். முதல்ல நாலு பேரோட பழகத் தெரியணும்.”

பழகத் தெரிவதற்கு விதிகள் வேண்டும். அந்த விதிகளை நான் தெருவில் இருந்து பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும். அதைக் கணினிக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தர ஒரு பெண் இருந்தார். அசோக் நகரிலிருந்து வருவார். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ப்ரோகிராம் எழுதுகிறவர்.

எனக்கு அந்தக் கையைப் பார்த்தால் முதல் வாரத்திலிருந்தே பயம். அதற்குக் காரணமும் இருந்தது. ஒருநாள் அது எனக்கு ஒரு காலி எவர்சில்வர் டம்ளரைக் கொடுக்க வேண்டும், நான் வாங்க வேண்டும். கையை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. கையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். யாரும் டம்ளரைப் பிடிக்கவில்லை, அதனால் கீழே விழுந்துவிடக் கூடாது என்று கை தன் பிடியை இறுக்கியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. டம்ளர் காகிதக் குவளை மாதிரி மெதுவாக நசுங்கித் தட்டையானது.

இருமல் அரை நொடி தாமதித்திருந்தால் என் விரல்கள் அதன்மேல் இருந்திருக்கும்.

“பயப்படாதீங்க சார். அதுக்கு உங்க மேல கோபம் எல்லாம் இல்ல” என்றார் ப்ரோகிராம் எழுதுகிற பெண்.

“அதான்மா பயமா இருக்கு” என்றேன்.

கோபம் இருந்தால் முகத்தில் தெரியும். குரலில் தெரியும். ஒதுங்கிக்கொள்ளலாம். அந்த டம்ளரை வீட்டுக்குக் கொண்டுபோய் மேஜை இழுப்பறையில் போட்டு வைத்தேன். எழுதும்போது அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன். கவனமாக எழுது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது போதுமாக இருந்தது.

கவனமாகத்தான் எழுதினேன். காலையில் மயிலாப்பூர், மாடவீதிகள். பிற்பகலில் தி. நகர். பாத்திரக் கடை ஓரத்தில் நின்றால், ஏணியில் நிற்பவர் மேலிருந்து ஒரு குடத்தை இறக்குவதும் கீழே நிற்பவர் அதை வாங்குவதும் நாளெல்லாம் நடக்கும். மேலே இருப்பவர் குடத்தைப் பார்ப்பதே இல்லை. கீழே இருப்பவரின் தோளைப் பார்க்கிறார். தோள் கொஞ்சம் இறங்கினால் எடை அங்கே போய்விட்டது என்று அர்த்தம்; அப்போதுதான் விரலைத் தளர்த்துகிறார். கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுக்கும்போது பாதி மடித்துக் கொடுக்கிறார், கூட்டத்தில் காற்றில் பறக்காமல் இருக்க. பூ விற்கும் அம்மாள் பூவைக் கொடுத்த பிறகும் ஒரு கணம் கையை எடுக்காமல் வைத்திருக்கிறார்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. வரிக்கு ஏழு கட்டங்கள்: கொடுப்பவர், வாங்குபவர், பொருள், யார் முதலில் கை நீட்டியது, கண் எங்கே போனது, எப்போது விட்டது, வாங்காவிட்டால் என்ன நடந்தது.

கடைசிக் கட்டத்தை நிரப்ப எனக்கு உதவியது பாண்டி பஜாரில் ஒரு துணிக்கடை. அங்கே விற்பனையாளர் ஒருவர் புடவையை நீட்டுவார். எதிரே இருக்கும் பெண்மணி கை நீட்டமாட்டார். விற்பனையாளர் சற்றுப் பொறுப்பார். பிறகு இன்னும் இரண்டு அங்குலம் நீட்டுவார். மறுபடி பொறுப்பார். மறுபடி நீட்டுவார். கடைசியில் அந்த அம்மாள் புடவையைத் தொட்டே தீர்வார். ஏழு கட்டங்களும் நிரம்பிவிடும். திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு நான் எழுதிய விதி இது: வாங்காவிட்டால் மூன்று விநாடி பொறுத்து, இரண்டு அங்குலம் முன்னால் போக வேண்டும், வாங்கும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். தலைவருக்கு இந்த விதி மிகவும் பிடித்திருந்தது. “பொலைட்டா வற்புறுத்துது சார்” என்றார்.

நோட்டில் வேறு சில வரிகளும் இருந்தன. சவரக் கடையில் ஒருவர் கத்தியைப் பலகைமேல் வைக்க, மற்றவர் அங்கிருந்து எடுத்துக்கொண்டார். எண்ணெய்க் கடையில் புட்டியைக் கல்லா மேஜையில் வைத்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து வந்து மிளகாய் கேட்டவருக்குத் தட்டில் போட்டுக் கீழே வைத்தார்கள். இவற்றையெல்லாம் எழுதினேன். எழுதிவிட்டு, சுத்தப் பிரதி எடுக்கும்போது ஒவ்வொன்றின் மேலும் அளவுகோல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டேன். ஓரத்தில் ஒரே ஒரு சொல்: கைமாறவில்லை. என்னைக் கேட்டது கையிலிருந்து கைக்குப் போவதைப் பற்றி. இவை அதில் சேராது. ஏழு கட்டங்களில் மூன்று காலியாக இருக்கும் வரிகள் என் பட்டியலில் இருப்பது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

தையற்காரப் பெண் வந்தது அதற்குப் பிறகு. நாற்பது வயது இருக்கும். வீட்டில் ரவிக்கை தைப்பவர். இயந்திரக் கையைப் பற்றி ஒன்றும் தெரியாதவராக ஒருவர் வேண்டும் என்று தலைவர் தேடிப் பிடித்தார். முதல் நாள் அவர் கழுத்தில் அளவு நாடாவோடு உள்ளே வந்து, கையை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா சார் இது, தலையே இல்லாம கீது?”

“தலை அந்தக் கம்ப்யூட்டர்லம்மா” என்றார் தலைவர்.

“வேலை ஒரு எடத்துல, மண்டை ஒரு எடத்துலயா? எங்க வூட்டுக்காரு மாதிரிதான்.”

ப்ரோகிராம் எழுதுகிற பெண் சிரித்துவிட்டார். நான் சிரித்தேனா என்று நோட்டில் இல்லை.

ஒத்திகைகள் நன்றாகவே நடந்தன. சாக்குக்கட்டி, நூல்கண்டு, அளவு நாடா, கத்தரிக்கோல் என்ற வரிசையில் கை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டும், அவர் வாங்கிக்கொள்வார். கத்தரிக்கோல் மட்டும் நிஜமானது இல்லை. பாதுகாப்புக்காக மரத்தில் அதே அளவில் ஒன்று செய்து வைத்திருந்தார்கள். தாடைகளுக்கு வளையப் பக்கம்தான் பிடிக்க வசதி. அதனால் முனை வாங்குபவரைப் பார்த்து நீளும். மரம்தானே என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் குறித்து வைத்தேன்: முனை எதிர்ப்பக்கம். குறித்ததோடு சரி.

பார்வையாளர்கள் வரும் நாளுக்கு முந்தின பிற்பகலில் தலைவர் மரக் கத்தரிக்கோலை எடுத்து அலமாரியில் வைத்தார். “நாளைக்கு வர்றவங்க முன்னாடி பொம்மையைக் காட்ட முடியாது” என்றார். தையற்காரப் பெண் தன் சொந்தக் கத்தரிக்கோலைக் கொண்டுவரச் சம்மதித்தார். கனமான இரும்பு. பல வருஷம் தீட்டித் தீட்டி அலகு மெலிந்திருக்கும் என்று அவரே சொன்னார்.

அன்று மாலை ஏழு மணி. எங்கள் வீட்டுச் சமையலறை. என் மனைவி மேல்தட்டிலிருந்து உப்பு ஜாடியை எடுக்கச் சொன்னாள். எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. கரண்டியைப் பிடித்தபடி முகவாயால் மேடையைக் காட்டினாள்.

“அங்க வைங்கோ.”

“கையைத்தான் நீட்டறேனே, வாங்கிக்கோயேன்.”

“உப்பைக் கையில வாங்குவாளா யாராவது? இருக்கற சண்டை போறாதா நமக்கு?”

நான் என்ன செய்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாதக்கணக்காக அதே நினைப்பில் இருந்ததால் இருக்கலாம். மனதுக்குள் மூன்று எண்ணினேன். ஜாடியை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன். அவள் ஓரடி பின்னால் போனாள். மறுபடி நீட்டினேன். அவள் முதுகு அலமாரியில் இடித்தது.

“என்னன்னா இது, மேல வந்து விழறேள்?”

அவள் குரலில் இருந்தது எரிச்சல் மட்டும் இல்லை. இருபது வருஷமாக என்னை அறிந்தவள், ஒரு கணம் யாரோ ஒருவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். ஜாடியை மேடையில் வைத்துவிட்டு நேராக என் மேஜைக்குப் போனேன்.

பழைய நோட்டுகளை எடுத்துச் சிவப்புக் கோடு போட்ட வரிகளை மட்டும் படித்தேன். உப்பு, மிளகாய், எண்ணெய், சவரக் கத்தி, அரிவாள்மணை, கத்தரிக்கோல். கத்தரிக்கோல் மூன்று இடத்தில் இருந்தது. மூன்றிலும் வாங்குபவர் மேஜையைத் தட்டினார், கொடுப்பவர் கீழே வைத்தார். நான் அளவுகோல் வைத்து நேராகக் கோடு போட்டிருந்தேன். ஒத்திகையில் அந்தப் பெண் மரத்தைத் தயங்காமல் வாங்கினார்; ஏனென்றால் மரம் கத்தரிக்கோல் இல்லை. நாளைக்கு வரப்போவது கத்தரிக்கோல். அவர் வாங்கமாட்டார். வாங்காவிட்டால் அந்தக் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நான் எழுதிக் கொடுத்தது. இழுப்பறையைத் திறக்கவில்லை. நசுங்கிய டம்ளர் அங்கே இருப்பது தெரியும்.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு லேபில் இருந்தேன். பார்வையாளர்கள் பதினொரு மணிக்கு வர வேண்டும். தலைவரிடம் நோட்டை விரித்துக் காட்டிச் சொன்னேன்.

அவர் ப்ரோகிராம் எழுதுகிற பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்.

“ரெண்டு மணி நேரத்துல மாத்தி டெஸ்ட் பண்ண முடியாது சார்” என்றார் அந்தப் பெண். “ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு உடையும். பாதியில மாத்தினதை வச்சு ஓட்டறது இதைவிட மோசம்.”

“மரத்தையே வச்சுக்கலாமே” என்றேன்.

“சார், சொல்லிட்டா போச்சு. கையில வாங்கிக்கோம்மான்னு அவங்ககிட்ட சொல்லுங்க. பெரியவங்கதானே, புரிஞ்சுக்குவாங்க” என்றார் தலைவர். “அவசரம்னா சிவப்புப் பொத்தான் இருக்கு.”

சிவப்புப் பொத்தானைப் பற்றியும் நான் குறித்து வைத்திருந்தேன். அழுத்தினால் கை நின்ற இடத்தில் நிற்கும். பிடியை விடாது.

பத்து மணிக்குத் தையற்காரப் பெண் வந்தார். பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து மேஜைமேல் வைத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

“கத்திரிக்கோலைக் கையில வாங்கக் கூடாதுதான் சார். சண்டை வரும்” என்றவர் இயந்திரக் கையைப் பார்த்துச் சிரித்தார். “சர்தான் வுடுங்க. அது இன்னா மனுசனா, அதோட சண்டை வர்றதுக்கு? ஒரு தபாதானே, வாங்கிக்கிறேன்.”

“மறக்காம வாங்கிடுங்கம்மா.”

“எத்தினி வாட்டி சார் சொல்லுவீங்க?”

நான் மூன்று முறை சொல்லியிருந்தேன். அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், அல்லது அந்தக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. தலைவர் முடிவு செய்துவிட்டார், நான் எழுத்து வேலை செய்கிறவன் என்று என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். நோட்டைத் திறந்து தேதியை எழுதினேன்.

பார்வையாளர்கள் ஐந்து பேர். அவர்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று மேஜையைத் தள்ளியிருந்தார்கள். அதனால் தையற்காரப் பெண்ணின் ஸ்டூல் சுவரை ஒட்டி வந்துவிட்டது. இதை அவர் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். எழுந்து சொல்லலாமா என்று நினைக்கும்போது தலைவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

கை சாக்குக்கட்டியை நீட்டியது. அவர் வாங்கினார். நூல்கண்டை வாங்கினார். அளவு நாடாவை வாங்கினார். பார்வையாளர்களில் ஒருவர் தலையாட்டினார். பிறகு கை திரும்பி, கத்தரிக்கோலை வளையத்தில் பிடித்துத் தூக்கி, அவரை நோக்கி நீட்டியது. ஜன்னல் வெளிச்சம் அலகில் பட்டது.

அவர் கை பாதி தூரம் வந்தது. அங்கேயே நின்றது.

நான் மனதுக்குள் சொன்னேன், வாங்குங்கம்மா. அவர் முகவாயை உயர்த்தி மேஜையைக் காட்டினார். விரலால் மேஜையை இரண்டு முறை தட்டினார். என் மனைவி செய்ததேதான். எந்தக் கடைக்காரருக்கும், எந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அது புரிந்திருக்கும். கை மூன்று விநாடி பொறுத்தது. இரண்டு அங்குலம் முன்னால் வந்தது.

அவர் உடம்பைப் பின்னால் சாய்த்தார். தோள்கள் சுவரில் பட்டன. மறுபடி தட்டினார், வேகமாக. கை பொறுத்தது. முன்னால் வந்தது. அவர் பக்கவாட்டில் நழுவப் பார்த்தார். ஒரு பக்கம் மேஜைக் கால், மறுபக்கம் அலமாரி. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அளவு நாடா தொங்கிய கழுத்துக்கும் முனைக்கும் நடுவில் அரைச் சாண்தான் இருந்தது.

ப்ரோகிராம் எழுதுகிற பெண்ணின் விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் தலைவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் புன்னகையை மாற்றாமல், வாங்கிக்கொள்ளும்படி அந்தப் பெண்ணுக்குக் கையால் சைகை செய்துகொண்டிருந்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று. அடுத்த தடவை அதிலும் பாதி. இரண்டு.

நோட்டு கீழே விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. எழுந்து போனது நினைவில் இல்லை. பக்கத்திலிருந்து கத்தரிக்கோலின் அலகைப் பிடித்து இழுத்தேன். இழுத்தால்தான் அது விடும்; அந்த விதியும் என் நோட்டிலிருந்து போனதுதான். ஒரு கணம் விடவில்லை. இரும்பு, என் பலத்தை எடை பார்ப்பது போல, என்னைப் பிடித்து வைத்திருந்தது. பிறகு தாடைகள் திறந்தன. கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தேன். கட்டைவிரலடியில் சதை பிளந்திருந்தது. வெட்டிக் காட்டுவதற்காக மேஜையில் விரித்திருந்த துணிமேல் இரண்டு சொட்டு விழுந்தது.

தையற்காரப் பெண் கத்தரிக்கோலை உடனே எடுத்தார். மேஜையிலிருந்து. எடுத்து, ரத்தம் பட்ட ஓரத்தை விட்டு மிச்சத் துணியை நேராக வெட்டி முடித்தார். வந்த வேலையை முடித்துவிட்டுப் போகிறவர் போல. அதைப் பார்த்து ஒரு பார்வையாளர் கைதட்டவும் செய்தார். இன்னொருவர், “நடுவுல வந்தவர் யாரு?” என்று கேட்டார். தலைவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

வராந்தாவில் தையற்காரப் பெண் ஒரு ரவிக்கைத் துண்டைக் கிழித்து என் விரலில் கட்டினார்.  முதல் முடிச்சு நிற்கவில்லை, அவிழ்த்து மறுபடி போட்டார்.

“வாங்கிரலாம்னுதான் சார் நெனச்சேன். கை வர்ல.”

“உங்க மேல தப்பு இல்லம்மா.”

“அது தெரியாம வந்துச்சுன்னு சொல்லுவீங்க. பஸ்ஸுல ஒரு ஆளு ஒட்டி நிக்கிறான். நாம நவுர்றோம். அவனும் நவுந்து வர்றான். தெரியாம வர்றான்னு யாராச்சும் சொல்லுவாங்களா? இதும் அப்பிடித்தான் கீது. நான் பின்னால போறேன், அது முன்னால வந்துக்கினே கீது. இத்த யாரு அதுக்குச் சொல்லிக் குடுத்தது?”

“நான்தான்” என்றேன்.

அவர் முடிச்சை இறுக்கினார். வலித்தது.

“யாரைப் பாத்து எழுதுனீங்க?”

“துணிக்கடைக்காரங்களை.”

“விக்கிறவங்கிட்ட கத்துக்கிட்டா அது எப்பிடி சார் வுடும்?” பையை எடுத்துக்கொண்டார். கத்தரிக்கோலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார். “நான் இனிமே வர்ல.”

மாலையில் தலைவர் என் நோட்டுகளைத் தன் அறைக்கு வாங்கிப் போனார். வேலையை விட்டுப் போகச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் சிவப்புக் கோடுகள் இருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

“இதையெல்லாம் ஏன் சார் அடிச்சீங்க?”

“கைமாறலை சார்.”

நோட்டை மூடினார். “காலையிலேயே சொன்னீங்க. நான்தான் கேக்கல” என்றார் கடைசியில். பிறகு, “தைக்கறதுக்கு வேற ஆளை வெச்சுக்கலாம்” என்றார்.

வேண்டாம் என்று சொன்னேன். அவர் எதிர்பார்க்காத அளவுக்கு அழுத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, நிமிர்ந்து பார்த்தார். வேறொருவர் வந்தால் கையில் வாங்கிவிடலாம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்களும் நம்பிவிடலாம். எனக்கு அந்த எண்ணம்தான் கத்தரிக்கோலைவிட அதிகம் பயமாக இருந்தது. சிவப்புக் கோடு போட்டவை கிடைத்துவிட்டன. ஆனால் பின்னால் சாய்வதற்கு என் நோட்டில் கட்டமே இருந்ததில்லை. கையையும் கண்ணையும் தோளையும் பார்த்தவன், ஒருவர் ஒதுங்குவதை ஒரு முறைகூட எழுதவில்லை. பாண்டி பஜாரில் அந்தப் பெண்மணிகள் ஒதுங்கியிருப்பார்கள். நான் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி தெருவில் நின்றேன். இந்த முறை விலகுபவர்களை எழுதினேன். புதிய விதிகள் இரண்டு: எதிரே இருப்பவர் மேஜையைத் தட்டினால் கீழே வைக்க வேண்டும், பின்னால் சாய்ந்தால், பொறுக்காமல், உடனே பின்வாங்க வேண்டும். இரண்டையும் கை உணர்வதற்கு மேஜையிலும் ஸ்டூலிலும் ஏதேதோ பொருத்தினார்கள். இரண்டு மாதம் ஆயிற்று.

அதன் பிறகு நானும் ப்ரோகிராம் எழுதுகிற பெண்ணும் மந்தைவெளிக்குப் போனோம். தையற்காரப் பெண் மிஷினிலிருந்து எழாமலே எல்லாவற்றையும் கேட்டார்.

“வர்றேன். ஆனா மொதல்ல நீங்க குந்துங்க சார். நான் பாக்கணும்.”

அப்படித்தான் மறுபடி லேபில் அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். சுவரை ஒட்டியே போடச் சொன்னார். அவருடைய கத்தரிக்கோல்தான். வளையத்தில் பிடித்துக் கை அதைத் தூக்கியபோது, என் கட்டைவிரல் தழும்பு தானாகத் துடித்தது. முனை என்னைப் பார்த்துத் திரும்பியது. எதிரிலிருந்து பார்த்தால் அதன் அலகு தெரிவதில்லை, ஒரு புள்ளிதான் தெரிகிறது. விசிறியின் உய்ங்கென்ற சத்தம். அது நீண்டது, நின்றது. நான் பின்னால் சாய்ந்தேன். முதுகில் சுவர் குளிர்ந்தது. மணிக்கட்டு ஒரு நூலளவு கீழே இறங்கியது. முன்னால் வருகிறது என்றே நினைத்தேன்.  பிறகு அது பின்னால் போனது. முழங்கை மடங்கிற்று. கத்தரிக்கோல் மேஜையில் பட்ட சத்தம் கேட்டது. தாடைகள் திறந்தன.

“இன்னொரு வாட்டி” என்றார் தையற்காரப் பெண்.

நான்கு முறை சாய்ந்தேன். இரண்டு முறை தட்டினேன். ஆறு முறையும் கீழே வைத்தது. என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

“எந்திரிங்க” என்றார். ஸ்டூலைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டார். பின்னால் போக இடம் இருக்கிறதா என்று ஒரு முறை சாய்ந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். நான் வழக்கம் போல நாற்காலிக்குப் போய் நோட்டை எடுத்தேன்.

“அத்த மூடி வைங்க சார். இங்க வந்து நில்லுங்க. எழுத வேணாம், பாத்துக்கினு இருங்க.”

மூடி வைத்தேன். அவருக்கும் மேஜைக்கும் பக்கத்தில், அலகு என் கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றேன். கை கத்தரிக்கோலைத் தூக்கியது. அவர் முனையைப் பார்க்கவில்லை, அந்த மஞ்சள் மணிக்கட்டைப் பார்த்தார், ஏணியில் நிற்பவர் தோளைப் பார்ப்பது போல. அது நீண்டது. அவர் சாய்ந்தார். என் கை தானாக எழுந்து காற்றில் நின்றது.

அது பின்வாங்கிக் கீழே வைத்தது. அவர் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு துணியை வெட்டத் தொடங்கினார். வெட்டி முடிக்கும்வரை என் கையை நான் இறக்கவில்லை. எழுதாமல் நின்ற இந்த நாளுக்கு நாட்குறிப்பில் நேரம் மட்டும் இருக்கிறது: பத்து முப்பத்தைந்து.